புறவாசல் புல்தரையைக் கிண்டுவது யார்?

கேள்வி: தம்பி, அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் வீடு. காட்டு எல்லை அரை கிலோமீட்டர்கூட இருக்காது. வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு புறவாசலில் மூன்று சென்ட் இடத்தில் கொரியப் புல் வைத்தேன். புரட்டாசியில் ஐந்தாறு மூட்டை சாணி உரம் போட்டேன். தினமும் சாயந்தரம் தண்ணீர் பாய்ச்சுகிறேன். ஐப்பசி மழைக்கு அப்புறம் காலையில் எழுந்து பார்த்தால் புல்லில் அங்கங்கே சின்னச் சின்னக் குழி. போன வாரம் இரண்டு இரவு, மேற்கு ஓரத்தில் பத்தடி நீளத்துக்குப் புல்லைப் பாயைச் சுருட்டியதுபோலப் புரட்டிப் போட்டிருக்கிறது. சுவர் மூலையில் ஒரு வளை, அதன் வாயில் மண் குவியல். மூன்று பக்கம் காம்பவுண்டுச் சுவர். ஓடைப் பக்கம் மட்டும் நான்கு வரிசை முள்கம்பி. பக்கத்து வீட்டுக்காரர் குருணை மருந்து வைக்கச் சொல்கிறார். இன்னொருவர் கம்பியில் கரண்ட் கொடுக்கச் சொல்கிறார். வீட்டுக்காரிக்குப் பாம்பு பயம் வேறு. என்ன செய்யலாம்?
— அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: அண்ணாச்சி, அந்த இரண்டு யோசனையையும் முதலில் ஒதுக்கி வையுங்கள். மின்வாரிய இணைப்பை நேராகக் கம்பியில் கொடுப்பது குற்றம். அதில் பன்றி சாவதற்கு முன்னால் வீட்டு ஆள் சாவதுதான் நம் ஊர்களில் நடக்கிறது. கொடுத்தவரே விடியற்காலையில் மறந்துபோய்க் கம்பியைத் தொட்ட செய்தியைப் பேப்பரில் எத்தனை தடவை படித்திருப்பீர்கள். குருணை மருந்து என்று உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது பெரும்பாலும் போரேட் என்ற பூச்சிக்கொல்லியாக இருக்கும். 2020 டிசம்பர் கடைசியோடு இந்தியாவில் அதற்குத் தடை வந்துவிட்டது. பழைய இருப்பு எங்காவது பரணில் கிடந்தாலும் தொடாதீர்கள். புல்தரையில் பேரப்பிள்ளைகள் உருளும், கோழி கொத்தும், மயில் மேயும். பழத்துக்குள் வெடி வைக்கும் ஆட்கள் யாராவது வந்து பேசினால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுங்கள். அது 1972 வன உயிரினச் சட்டத்தில் நேராக ஜெயிலுக்குப் போகிற வழி.

சரி, விஷயத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் ஒரு திருடன் இல்லை, மூன்று பேர் இருக்கிறார்கள். சின்னக் குழி ஒருவர், புரட்டிய புல் இன்னொருவர், மூலை வளை மூன்றாமவர். ஒவ்வொருவருக்கும் வேலை வேறு, மருந்து வேறு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வேலி போட்டால் காசு போகும், குழி நிற்காது.

புரட்டிய புல்லில் அதிகம் யோசிக்க ஒன்றும் இல்லை, அது பன்றி. மூக்கை மண்ணுக்குள் விட்டுத் தள்ளிக்கொண்டே போகும். அதனால்தான் குழி குழியாக இல்லாமல் நீளமாகப் புரண்டு கிடக்கிறது. ஆனால் காட்டுப்பன்றியா, ஊரில் திரியும் நாட்டுப்பன்றியா என்று ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டும் ஒரே மாதிரிதான் கிண்டும். ஊர்ப்பன்றி என்றால் அதற்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார், புகார் கொடுக்க வேண்டிய இடம் உள்ளாட்சி அலுவலகம். காட்டுப்பன்றி என்றால் வனத்துறை. குளம்புத் தடத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிப்பது கஷ்டம். எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்த நேரத்தில் வந்தது, உடம்பில் முரட்டு மயிர் நிற்கிறதா என்பதுதான் சொல்லும். சுவர் மேல் ஒரு சின்னக் கேமரா வைத்தால் ஒரே இரவில் தெரிந்துவிடும். கேமரா இல்லையென்றால், பொழுது சாயும்போது கம்பி ஓரமாக இரண்டடி அகலத்துக்குச் சலித்த செம்மண்ணைத் தூவி, கையால் தடவிச் சமமாக்கி வையுங்கள். காலையில் யாரும் மிதிப்பதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். பிளவுண்ட இரண்டு குளம்பும், அதற்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்னப் புள்ளியும் விழுந்திருந்தால் பன்றி. கன்றுக்குட்டி நடந்தால் அந்தப் பின்புள்ளி சாதாரணமாக விழாது.

இந்தச் செம்மண் பட்டை சின்னக் குழிக்கும் உதவும். அதில் ஒரு நேரக் கணக்கு இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு டார்ச் அடித்துப் பார்க்கும்போது இல்லாத குழி, விடியுமுன் ஐந்து மணிக்கு இருந்தால் இரவுப் பிராணி: பெருச்சாளி, மரநாய், முள்ளம்பன்றி. ஐந்து மணிக்கு இல்லாமல் எட்டு மணிக்கு இருந்தால் கீரி அல்லது மயில். இரண்டும் வெளிச்சம் வந்த பிறகுதான் வேலைக்கு வரும். கீரி விரல் நுழைகிற அளவுக்குக் கூம்பாகத் தோண்டி, மண்ணை ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கும். மயில் தோண்டாது, காலால் சீய்க்கும். மூன்று விரல் தடம் தெளிவாக விழும். முள்ளம்பன்றி வந்தால் ஒரு முள்ளாவது விட்டுவிட்டுப் போகும், அதோடு பக்கத்துத் தென்னங்கன்றின் அடியையும் சும்மா விடாது. மரநாய் வந்தால் சுவர் மேலோ ஓட்டின் மேலோ பழக்கொட்டை நிறைந்த எச்சம் கிடக்கும். திசையன்விளை, சாத்தான்குளம் தேரி, அதாவது செம்மணல் மேட்டுப் பக்கத்தில் இருந்து இந்தக் கேள்வி வந்திருந்தால் முள்ளெலியையும் இந்த வரிசையில் சேர்த்திருப்பேன். அது பூச்சியைத் தின்று பிழைக்கிற சாதுப் பிராணி, இருந்தால் விட்டுவிட வேண்டியதுதான்.

உங்கள் விவரத்தை வைத்துப் பார்த்தால் சின்னக் குழி கீரியின் வேலை என்றுதான் எனக்குப் படுகிறது. கீரியாக இருந்தால், உங்கள் வீட்டுக்காரியிடம் சொல்லுங்கள், பாம்பு பயத்துக்கு அதைவிட நல்ல காவல் அந்தப் புறவாசலுக்குக் கிடைக்காது. நாலு குழியைக் காலால் மிதித்து மூடிவிட்டுப் போகலாம்.

ஒன்று கவனியுங்கள். இவற்றில் ஒன்றுகூடப் புல்லைத் தின்ன வரவில்லை. புல்லுக்கு அடியில் இருக்கிறதைத் தின்ன வருகின்றன. அது என்ன என்று உங்கள் கடிதத்தின் நான்காவது ஐந்தாவது வரியிலேயே எழுதியிருக்கிறீர்கள்: புரட்டாசியில் சாணி உரம், தினமும் சாயந்தரம் தண்ணீர்.

நன்றாக மக்காத சாணியில் வண்டுகள் முட்டையிடும். காண்டாமிருக வண்டின் புழு கட்டைவிரல் தடிமனுக்கு வளர்வது எருக்குழியில்தான். மூட்டையில் அள்ளிக் கொண்டுவந்தபோது புழுவையும் சேர்த்தே கொண்டுவந்திருப்பீர்கள். இது போக, புல் வேரையே தின்னும் வெள்ளை வேர்ப்புழு தனி. கோடை மழை முதல் தடவை மண்ணை நனைத்ததும் அதன் தாய் வண்டுகள் பூமியில் இருந்து கிளம்பி, இருட்டியதும் வேம்பிலும் முருங்கையிலும் உடைமரத்திலும் மொய்க்கும். பிறகு ஈரமான மண்ணைத் தேடி முட்டையிடும். சித்திரை வைகாசியில் சுற்றிலும் பூமி காய்ந்து வெடித்துக் கிடக்கும்போது, தினம் நனைந்து பஞ்சாக இருக்கிற ஒரே இடம் உங்கள் மூன்று சென்ட்தான். பொரித்த புழு நாலைந்து மாதம் வேரைத் தின்று கொழுத்து, ஐப்பசி மழை வரும்போது பன்றிக்குத் தோதான அளவில் இருக்கும். மழையில் மண்புழுவும் மேலே ஏறிவிடும். பன்றிக்கு மூக்கு எவ்வளவு கூர்மை என்று நான் சொல்லவா வேண்டும்.

நாளைக் காலையிலேயே இதைச் சோதித்துப் பாருங்கள். பன்றி தொடாத இடத்தில் ஓரடிக்கு ஓரடி சதுரத்தில், மூன்று பக்கம் மட்டும் மண்வெட்டியால் வெட்டி, நாலாவது பக்கத்தை விட்டுவிட்டுப் புல்லைப் புத்தகம் திறப்பதுபோல் மடியுங்கள். கீழே மூன்று அங்குல மண்ணைக் கையால் உதிர்த்துப் பாருங்கள். வெள்ளையாக, தலை மட்டும் பழுப்பாக, உடம்பை வளைத்து அரைவட்டமாகச் சுருண்டு கிடப்பதுதான் வேர்ப்புழு. சதுர அடிக்கு ஒன்றிரண்டு கிடந்தால் அதை வைத்து ஒன்றும் செய்ய வேண்டாம், எந்த உயிருள்ள மண்ணிலும் அவ்வளவு இருக்கும். ஐந்தாறுக்கு மேல் போனால் உங்கள் புறவாசலில் தினமும் பந்தி நடக்கிறது என்று அர்த்தம். புல்லைப் பிடித்து இழுத்தால் வேரே இல்லாமல் கையோடு வருவதும் அதே அடையாளம்தான். நாலைந்து இடத்தில் இப்படித் திறந்து பார்த்துவிட்டு மூடி, மிதித்து, தண்ணீர் ஊற்றிவிட்டால் புல்லுக்கு ஒன்றும் ஆகாது.

புழு அதிகம் என்றால் சென்ட்டுக்கு ஒன்றிரண்டு கிலோ வேப்பம் புண்ணாக்கைத் தூளாக்கித் தூவி, தண்ணீர் விட்டு இறக்குங்கள். அதோடு மெட்டாரைசியம் என்ற பூஞ்சாணத் தூள் விவசாய மருந்துக்கடையில் கிடைக்கும். புழுவின் உடம்பில் வளர்ந்து அதைக் கொல்லும். பாக்கெட்டில் போட்ட அளவுக்கு, நன்றாக மக்கிய எருவில் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு ஈரமண்ணில் போட வேண்டும். பூஞ்சாணக் கொல்லி மருந்து எதையும் அதே வாரத்தில் போட்டுவிடாதீர்கள், போட்ட காசு வீண். இந்த இரண்டும் ஒரே ராத்திரியில் வேலை செய்யாது. பெரிய புழு இப்போதே ஆழத்துக்கு இறங்கத் தொடங்கியிருக்கும். அதனால் உண்மையான வேட்டை அடுத்த கோடை மழைக்குத்தான். முதல் மழை பெய்த அன்றைக்கு ராத்திரி ஏழு எட்டு மணிக்கு வேப்பமரக் கிளையை உலுக்குங்கள். விழுகிற வண்டைப் பொறுக்கி, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்ட வாளித் தண்ணீரில் போடுங்கள். தொடர்ந்து சில ராத்திரி செய்தால் அந்த வருடம் முட்டையே நன்றாகக் குறையும். தெருவே சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது.

மிச்ச சாணி மூட்டை இருந்தால் வெயிலில் கொட்டிப் பரப்புங்கள். வீட்டில் கோழி இருக்கிறதா? இருந்தால் அதை அவிழ்த்துவிட்டு நீங்கள் காப்பி குடித்துவிட்டு வாருங்கள், ஒரு புழு மிஞ்சாது. இனிமேல் புல்லுக்கு உரம் போடுவதானால் கையில் எடுத்தால் சாணி வாசம் இல்லாமல் மண் வாசம் வருகிற, சலித்த எருவை மட்டும் போடுங்கள்.

தண்ணீரைக் காலைக்கு மாற்றுங்கள். சாயந்தரம் பாய்ச்சினால் இரவு முழுவதும் மேல்மண் ஈரமாக இருக்கும், மண்புழு மேலே வரும், அதன் பின்னால் விருந்தாளி வரும். காலையில் பாய்ச்சினால் பொழுது சாய்வதற்குள் மேல் ஓரங்குலம் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் தினமும் பாய்ச்சுவதே அதிகம். கொரியப் புல்லுக்கு வாரம் இரண்டு மூன்று தடவை ஆழமாக விட்டால் போதும், வேரும் கீழே இறங்கும். கம்பி ஓரத்தில் சேனை, சேம்பு, மரவள்ளி ஏதாவது போட்டிருந்தால் அதை இந்தப் பக்கம் சுவரோரத்துக்கு மாற்றிவிடுங்கள். பன்றியைக் கம்பி வரைக்கும் கூட்டிவருவது கிழங்காகத்தான் இருக்கும், உள்ளே வந்த பிறகு புல் அகப்பட்டுக்கொள்கிறது. விழுந்த மாம்பழமும் சமையல் கழிவும் அப்படித்தான்.

இனி வேலி. நான்கு வரிசை முள்கம்பி மாட்டுக்குப் போதும், பன்றிக்குப் போதாது. பன்றி பெரும்பாலும் தாண்டப் பார்க்காது, கீழே நுழையத்தான் பார்க்கும். மூக்கை அடிக்கம்பிக்குக் கீழே விட்டுத் தூக்கினால் கம்பி மேலே எழும்பும், பின்னால் குட்டிகளும் வரிசையாக நுழையும். ஆகவே காசை உயரத்தில் போடாதீர்கள், அடியில் போடுங்கள். நாலடி உயரத்துக்குத் தடித்த கம்பிவலை, அதாவது செயின் லிங்க், போதும். ஆறேழு அடிக்கு ஒரு கல்தூணோ இரும்புக் கோணமோ நட்டு, கான்கிரீட் போட்டு நிறுத்துங்கள். வலையின் அடியில் ஓரடி ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி வலையை இறக்கி, அங்கிருந்து ஓடைப் பக்கமாக, அதாவது வெளிப்பக்கமாக, ஓரடிக்கு மடித்துப் படுக்க வைத்து, மண்ணை மூடி மேலே ஒரு வரிசை கருங்கல் அடுக்குங்கள். தோண்டுகிற பிராணி எல்லாம் வேலியை ஒட்டித்தான் தோண்டத் தொடங்கும். காலடியில் வலை தட்டினால் இரண்டடி பின்னால் போய் அங்கிருந்து தோண்டலாமே என்று அதற்குத் தோன்றாது. வலை உள்பக்கமாக மடிந்திருந்தால் இந்தப் பலன் கிடையாது, வேலைக்காரர்கள் வசதிக்காக அப்படித்தான் மடிப்பார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

கல்லிடைக்குறிச்சி, கடையம் பக்கம் பழைய தோட்டங்களில் கிளுவை என்ற முள்மரத்தை நெருக்கமாக நட்டு, அடியில் உடைமுள்ளை வெட்டிப்போட்டுத்தான் பன்றியை நிறுத்துகிறார்கள். நெருக்கமாக இருக்கும்வரை அது நல்ல வேலிதான். ஆனால் கிளுவை அடர்ந்து வர இரண்டு மூன்று வருடம் பிடிக்கும், உடைமுள்ளை ஆண்டுதோறும் புதிதாகப் போட வேண்டும். வலையை இப்போது போட்டு, வெளியே கிளுவையை நட்டு வையுங்கள். சோலார் மின்வேலி தனி விஷயம். அது துடிப்பு துடிப்பாக அடிக்கும், முறையாகப் போட்டால் ஆளைக் கொல்லாது. ஆனால் காட்டை ஒட்டிய இடம் என்பதால் வனத்துறையிடம் கேட்காமல் போடக்கூடாது. பேரப்பிள்ளைகள் ஓடுகிற மூன்று சென்ட்டுக்கு அது தேவையும் இல்லை.

வேலி நன்றாக இருந்து கேட் மோசமாக இருந்தால் எல்லாம் ஒன்றுதான். கேட்டுக்கு அடியில் ஒரு கான்கிரீட் வாசற்படி கட்டி, இடைவெளி இரண்டு அங்குலத்துக்கு மேல் இல்லாமல் பாருங்கள். மழைத்தண்ணீர் போக விட்ட ஓட்டையில் இரும்புக் கிராதி. முள்ளம்பன்றி நுழைவதும் அந்த ஓட்டையில்தான். மரநாயை மட்டும் எந்த வேலியும் நிறுத்தாது. சுவரேறி வந்து, தின்ன ஒன்றும் இல்லையென்றால் அதுவே போய்விடும்.

பழைய சேலையைக் கம்பியில் கட்டுவது, சலூனில் இருந்து முடியை வாங்கித் தூவுவது, மினுக்கு லைட் போடுவது எல்லாம் செய்யலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். சேலை சில வாரம் கேட்கும். அசையாத சேலையைப் பார்த்துப் பார்த்துப் பழகிய பன்றி அதன் கீழேயே படுத்துத் தூங்கும். கம்பிவலை வருகிற வரைக்கும் தாட்டுவதற்குக் கட்டிக்கொள்ளுங்கள், தப்பில்லை. முடிக்கு நான் உத்தரவாதம் கொடுக்க மாட்டேன்.

மூலை வளைக்கு வருவோம். வளை வாயில் மண் குவியலும், நத்தை ஓடும், கடித்த தேங்காய்ச் சில்லும் கிடந்தால் அது பெருச்சாளி. வீட்டுக்காரியின் பாம்பு பயத்துக்குக் காரணமும் இதுதான். பாம்பு தானாக வளை தோண்டுவதில்லை, எலி தோண்டியதில்தான் குடிபுகும். விஷ உருண்டை வைத்தால் பெருச்சாளி செத்து வளைக்குள் நாறும், அதைத் தின்ற கூகையும் பூனையும் சாகும். எலியைப் புகையால் கொல்லும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டை ஒட்டி வைப்பது உயிரோடு விளையாடுவது, அந்தப் புகை சுவர் வழியாக உள்ளே வரும். பெரிய கூண்டுப்பொறி ஒன்று வாங்கி, சுட்ட கருவாட்டையோ வறுத்த தேங்காயையோ வைத்து, சுவரை ஒட்டி வையுங்கள். முதல் இரண்டு மூன்று ராத்திரி கூண்டைப் பூட்டாமல் தின்னவிட்டு, பிறகு பூட்டுங்கள். பெருச்சாளி சந்தேகக்காரப் பிராணி. கையுறை இல்லாமல் கூண்டைத் தொடாதீர்கள், எலிக்காய்ச்சல் அதன் மூத்திரத்தில் இருந்துதான் வருகிறது. பிடித்து முடித்தபின் வளைக்குள் கையை விடாமல் கருங்கல் சல்லியைக் கொட்டி, வாயில் சிமெண்ட் கலவை பூசி அடைத்துவிடுங்கள். அடைக்கும் முன்னால் ஒரு ராத்திரி வாயில் இலையைச் செருகி வைத்துப் பாருங்கள். இலை அப்படியே இருந்தால் உள்ளே யாரும் இல்லை.

உங்கள் இடம் காப்புக்காட்டை ஒட்டி இருப்பதால் இன்னும் இரண்டு விஷயம். 1988-இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக வந்த களக்காடு முண்டந்துறைக்குக் கீழே குடியிருக்கிறீர்கள். பன்றி வருகிற வழியில் வேறு ஆட்களும் வருவார்கள். தோட்டத்தில் கறையான் புற்று இருந்து, அது அடியோடு பிளந்து, நீள நகக் கீறல் தெரிந்தால் அது கரடி. செம்மண் தூவுவது, கேமரா பார்ப்பது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். இருட்டில் புறவாசலுக்குத் தனியாக இறங்காதீர்கள். நாயைக் கம்பி ஓரத்தில் கட்டிப்போட்டுக் காவல் வைக்கவும் வேண்டாம். குட்டி போட்ட பன்றி நாயைக் கிழித்துவிடும், சிறுத்தைக்கோ நாய் என்றால் நேராக இரை. பன்றியைத் தடியோடு விரட்டப் போவதும் அதே கதைதான், உள்ளே இருந்தபடி லைட்டைப் போட்டுச் சத்தம் கொடுங்கள்.

சுட அனுமதி உண்டாமே என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். 2025-இல் தமிழக அரசு செய்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டில் இருந்து 1 கி.மீ.க்குள் காட்டுப்பன்றியைச் சுட அனுமதியே கிடையாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம், 3 கி.மீ.க்கு அப்பால்தான் சுடலாம். எல்லாமே வனத்துறை ஆட்களின் வேலை, நாம் செய்யக்கூடாது. உங்களுக்கு முதல் வரிதான் பொருந்தும். இழப்பீடும் பயிருக்குத்தான், அலங்காரப் புல்லுக்கு எதிர்பார்க்காதீர்கள்.

புரண்டு கிடக்கிற புல்லை அப்படியே விட்டுவைத்திருக்கிறீர்களா? வேர் காய்வதற்குள் எடுத்துப் பொருத்தினால் பெரும்பகுதி பிழைக்கும். அடியில் இருக்கும் புழுவைப் பொறுக்கி எறிந்துவிட்டு, வேப்பம் புண்ணாக்கைத் தூவி, புல்லைத் திருப்பி வைத்து, பலகை போட்டு ஏறி மிதித்து, தண்ணீர் விடுங்கள். வலை வருகிற வரைக்கும் அந்தப் பத்தடிக்கு மேல் கோழிவலையைத் தரையோடு படுக்க விரித்து, ஓரத்தில் கம்பி ஆணி அடித்து வையுங்கள். புல் அதன் கண் வழியாக மேலே வந்துவிடும், பன்றி மூக்குக்கு வலை தட்டும். புல் வெட்டும்போது மட்டும் மெஷினைக் கொஞ்சம் உயர்த்தி ஓட்டச் சொல்லுங்கள்.